பழைய சிபியுவில் புது எடிட்டிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லையா? கார்டு வாங்க ஓடும் முன் இதைப் பாருங்கள்

போன வைகாசி, முகூர்த்த நெருக்கடி. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி பைக் டேங்க் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டே தருமபுரி வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறான். ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருவிழாவில் பாரதக் கூத்து என்று எது நடந்தாலும் போனிலும் ஒரு சின்ன கேமராவிலும் எடுத்துத் தருகிறவன். "அண்ணா, கார்டு வாங்கிப் போட்டும் சாஃப்ட்வேர் திறக்க மாட்டேங்குதுண்ணா" என்றான். கழற்றிப் பார்த்தால் உள்ளே புதுசாக ஒரு ஜிடி 730 கார்டு, பெட்டியில் 4 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருந்ததாம். பிராசசர் ஐ5-2400. அதாவது 2011-இல் வந்தது. அவன் போட்ட சாஃப்ட்வேர் கேட்டது பிராசசருக்குள் இருக்க வேண்டிய ஒரு வசதியை. அது இல்லாத மெஷினில் எந்தக் கார்டைச் சொருகினாலும் கதவு திறக்காது. கார்டுக் காசு போனது போனதுதான்.

மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வருகிறார்கள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டும் மிக்சிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் சிபியு வாங்கியவர்கள், அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பை வைத்து யூடியூப் சேனல் தொடங்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வருஷம் பல ஆகிவிட்ட கடைக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

ஒன்றை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுவது வேறு, ஓடவே மறுப்பது வேறு. மெதுவாக ஓடினால் அதற்கு வழி நிறைய இருக்கிறது, பாதி காசே இல்லாத வழி. ஓடவே மறுத்தால் எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யக் கூடாது. சாத்துகிற கதவுகள் நாலுதான்: பிராசசர், கிராபிக்ஸ் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்), விண்டோஸ், அப்புறம் நீங்கள் எடுத்த வீடியோவின் கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை).

முதல் வேலை: உங்கள் மெஷின் எந்த வருஷத்துப் பிறவி?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் பிராசசர் பெயர், ரேம் எவ்வளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, கிராபிக்ஸ் கார்டு பெயர் எல்லாம் இருக்கும். போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல பேர் கடைக்கு வந்து "ஐ5ண்ணா" என்று மட்டும் சொல்வார்கள். வண்டி என்ன என்று கேட்டால் ஸ்பிளெண்டர் என்கிற மாதிரி, எந்த வருஷத்து ஸ்பிளெண்டர் என்று தெரிந்தால்தானே ஸ்பேர் சொல்ல முடியும்?

இன்டெல் என்றால் ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 2400 என்றால் ரெண்டாவது ஜெனரேஷன், 3470 மூன்றாவது, 4570 நாலாவது, 8400 எட்டாவது, 10400 பத்தாவது. வெறும் மூன்று இலக்கம், ஐ5-650 மாதிரி இருந்தால் முதல் ஜெனரேஷன். பழைய ஐ7-ஐ விட புதிய ஐ3 மேல் என்று நான் சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் நிஜம். சாஃப்ட்வேர் பார்ப்பது பிராசசரின் அந்தஸ்தை அல்ல, பிறந்த வருஷத்தை.

அப்புறம் சிபியு-இசட் (CPU-Z) என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கிறது, இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். அதன் முதல் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் ஏவிஎக்ஸ் (AVX) இருக்கிறதா, ஏவிஎக்ஸ்2 (AVX2) இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலை செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அது என்ன ஏவிஎக்ஸ்? மாங்காய் மண்டியில் லாரி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு காயாக எடுத்து வைப்பதும் உண்டு, கூடையோடு தூக்கி வைப்பதும் உண்டு. வீடியோ என்றால் ஒரு ஃபுல் எச்டி படத்துக்கு 20 லட்சம் புள்ளிக்கு மேல், வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்டால் விடிந்துவிடும். பல எண்களை ஒரே தடவையில் சேர்த்துக் கணக்குப் போடும் கட்டளைத் தொகுப்புதான் ஏவிஎக்ஸ். 2011-இல் வந்த ரெண்டாவது ஜெனரேஷனில் இன்டெல் இதைக் கொண்டுவந்தது. ஆனால் அப்போது 256 பிட் அகலக் கூடை தசமப் புள்ளிக் கணக்குக்கு மட்டும்தான் கிடைத்தது. முழு எண் கணக்குக்கும் அந்தப் பெரிய கூடை வந்தது 2013-இல், நாலாவது ஜெனரேஷனில். அதன் பெயர்தான் ஏவிஎக்ஸ்2. வீடியோவை விரிப்பதும் சுருக்குவதும் பெரும்பாலும் முழு எண் வேலை, அதனால் எடிட்டிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இந்த ரெண்டாவது கூடை மேல்தான் ஆசை.

பழைய பிராசசருக்கு என்று தனியாக ஒரு வழி எழுதி வைக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், சில சாஃப்ட்வேர்கள் வைத்திருக்கின்றன. ஆனால் ரெண்டு வழி வைத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ரெண்டு தடவை சோதிக்க வேண்டும், ஒரு கட்டத்தில் கம்பெனிகள் பழைய வழியை அடைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தக் கட்டளையை உங்கள் பழைய பிராசசரிடம் கொடுத்தால், அதற்குப் புரியாது, விண்டோஸ் புரோகிராமை அங்கேயே மூடிவிடும். ஐகானைக் கிளிக் செய்கிறீர்கள், வட்டம் ஒரு நொடி சுற்றுகிறது, பிறகு ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். ரீ-இன்ஸ்டால், ஃபார்மட் என்று ரெண்டு நாள் வீணாக்குவார்கள், பாவம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பென்டியம், செலிரான் என்று பெயர் போட்ட பிராசசர்களில் பலவற்றில் ஏவிஎக்ஸே கிடையாது, வருஷம் புதுசாக இருந்தாலும் கூட. 2016-இல் வாங்கினேன், 2018-இல் வாங்கினேன் என்று பில்லோடு வருவார்கள். சிபியு-இசட் வரியில் இல்லை என்றால் இல்லைதான்.

எந்த ஜெனரேஷனுக்கு எது வரை

ரெண்டு, மூன்று ஜெனரேஷன் என்றால் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. நாலாவதில் ரெண்டும் உண்டு. ஆனால் அடோபி பிரீமியர் புரோவின் புதிய பதிப்புகள் குறைந்தபட்சம் இன்டெல் ஆறாவது ஜெனரேஷன் அல்லது ஏஎம்டி ரைசன் 1000 வரிசை என்று கேட்கின்றன. ஆறாவது ஜெனரேஷனில்தான் எச்.265 வீடியோவை (போன்கள் பதிவு செய்யும் கோடெக்கில் ஒன்று) விரிக்கும் வசதி பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் வந்தது, 10 பிட் எச்.265-க்கு ஏழாவது வேண்டும். விண்டோஸ் 11-க்கு எட்டாவது. இப்போது புரிகிறதா, நான் செகண்ட் ஹேண்ட் வாங்க வருகிறவர்களிடம் எட்டாவதுக்குக் கீழே கையே வைக்காதீர்கள் என்று ஏன் கத்துகிறேன் என்று?

விண்டோஸ் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. எட்டாவதுக்குக் கீழான மெஷினில் வளைத்து நெளித்து 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஏறும், ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கல்யாண ஃபைல் வைத்திருக்கிற மெஷினில் நான் அந்த விளையாட்டுக்குப் போவதில்லை.

கார்டு இருந்தும் இல்லாத மாதிரி

கிராபிக்ஸ் கார்டில் நம் ஊர்க்காரர்கள் பார்ப்பது எத்தனை ஜிபி என்று மட்டும்தான். பார்க்க வேண்டியது அதற்கு இன்னும் டிரைவர் வருகிறதா என்று. கார்டு நன்றாகத்தான் இருக்கும், காற்றாடி சுற்றும், படம் வரும். ஆனால் கம்பெனி புது டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டால், புது டிரைவரைக் கேட்கிற எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அந்தக் கார்டு இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று.

என்விடியாவில் 400, 500 வரிசைக்கு 2018-இலேயே முடிந்துவிட்டது. 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 2021-இல் முடிந்தது. இந்த வரிசைக்கு உள்பெயர் கெப்ளர், நம் கடைகளில் இன்றும் புதுப் பெட்டியில் விற்கிற ஜிடி 710, ஜிடி 730 எல்லாம் இதில்தான் வரும். ஜிடி 730-இல் சில ரகங்கள் அதற்கும் முந்தைய தலைமுறைச் சில்லு, பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஜிடிஎக்ஸ் 750-ம் 750 டிஐ-யும் மட்டும் எண் 700 என்றாலும் அடுத்த தலைமுறை, அவற்றுக்கும் 900, 1000 வரிசைகளுக்கும் சேர்த்து வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு கடைசி, அதற்குப் பிறகு 2028 அக்டோபர் வரை மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஏஎம்டியில் எச்டி 7000, ஆர்7, ஆர்9 200, 300 வரிசைகளை 2021 ஜூனில் பழைய பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள்.

டிரைவர் நின்றால் எடிட்டிங்குக்கு என்ன? என்விடியா கார்டில் எஃபெக்ட், கலர் வேலையெல்லாம் கூடா (CUDA) என்ற என்விடியாவின் சொந்த ஏற்பாடு வழியாகத்தான் நடக்கிறது. கூடா 12 வந்தபோது கெப்ளர் கார்டுகளை விட்டுவிட்டார்கள். டாவின்சி ரிசால்வ் மாதிரி கிராபிக்ஸ் கார்டையே நம்பி ஓடுகிற சாஃப்ட்வேர் புதுக் கூடாவுக்கு மாறியதும், பழைய கார்டுக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். ரிசால்வ் இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது 16 ஜிபி ரேம் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. லினக்ஸில் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம்) ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264 ஃபைலையே திறக்காது என்பதையும்.

அப்டேட் பட்டனைத் தொடும் முன்

என் கதை ஒன்று. காரிமங்கலத்தில் ஒரு ரிசப்ஷன், மேடைக்குப் பின்னால் ஓட்ட மூன்று நிமிஷ ஹைலைட்ஸ் தர வேண்டும். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது, அந்த நேரத்தில் திரையில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது, ஏதோ நினைவில் சரி என்று அழுத்திவிட்டேன். எந்த சாஃப்ட்வேர் என்பது இப்போது முக்கியமில்லை, தப்பு என்னுடையது. புதுப் பதிப்பு என் புராஜெக்டைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது, பிறகு என் கார்டு பழசு என்று சொல்லி ஓட மறுத்தது. பழைய பதிப்பைத் தேடிப் போட்டால், புராஜெக்ட் புதுப் பதிப்பில் சேமிக்கப்பட்டது, திறக்க முடியாது என்றது. விடிய விடிய முதலிலிருந்து வெட்டினேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்று வரை தெரியாது.

ஆகவே, அப்டேட்டுக்கு முன் புராஜெக்டை வேறு டிரைவில் நகல் எடுங்கள். ரிசால்வில் என்றால் டேட்டாபேஸை பேக்கப் எடுக்க வேண்டும், ஏனென்றால் புதுப் பதிப்பு அதை மேம்படுத்திய பிறகு பழைய பதிப்பு அதைத் தொட முடியாது. பிரீமியரிலும் புதியதில் சேமித்த புராஜெக்டைப் பழையதில் திறக்க முடியாது. அடோபி பயன்படுத்துகிறவர்கள் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வையுங்கள், கையால் அப்டேட் செய்யும்போது பழைய பதிப்பை நீக்கு என்ற குறியை எடுத்துவிடுங்கள். இன்று நன்றாக ஓடுகிற பதிப்பின் இன்ஸ்டால் ஃபைலை, அதோடு ஒத்துப்போன கிராபிக்ஸ் டிரைவர் ஃபைலையும், ஒரு பென்டிரைவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அப்புறம் வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்கள் முடியும் வரை எந்த அப்டேட்டும் கிடையாது. இது என் கடைச் சட்டம்.

கிராக் போட்ட பதிப்பு ஓடுகிறதே என்கிறவர்களுக்கு: அது எந்த ஃபைலைத் திறந்து எதை எழுதுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் உங்கள் டிஸ்கில் இருக்கிறது.

பழைய மெஷினுக்கு எந்த சாஃப்ட்வேர்?

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் கொடுப்பது ஷாட்கட். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எஸ்டி வீடியோவுக்கு 4 ஜிபி ரேம், எச்டிக்கு 8, 4கேக்கு 16 என்பது அவர்களே சொல்லும் கணக்கு. கார்டு தனியாகக் கேட்பதில்லை. பழைய பதிப்புகளையும் இணையத்தில் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள், உங்கள் மெஷினுக்கு ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளலாம். இதுவும் இலவசமான கேடென்லைவ் (Kdenlive), டிராக் நிறைய வைத்து வேலை செய்கிறவர்களுக்கு வசதி. லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டு கேடென்லைவ் ஓட்டினால், விண்டோஸ் கைவிட்ட மெஷின் இன்னும் சில வருஷம் உழைக்கும். பழைய என்விடியா கார்டு இருந்தால் மட்டும் லினக்ஸிலும் டிரைவர் தலைவலி உண்டு, அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு இன்டெல் உள் கிராபிக்ஸிலேயே ஓட்டுவது நிம்மதி.

நம் பக்கத்துப் பழைய கல்யாண மிக்சிங் கடைகளில் எடியஸ் நிறைய ஓடும். அதில் பழகிய அண்ணன்கள் இன்னும் பூ விழுகிற டிரான்சிஷன் பிளக்-இன்களை விட மனசு வராமல் பழைய பதிப்பையே வைத்திருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். எடியஸ் 7 முழுக்க 64 பிட்டுக்கு மாறியபோது பழைய 32 பிட் பிளக்-இன்கள் நின்றுபோயின, அந்த வலி அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு மெஷின் உங்களிடம் இருந்தால் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஒயர் கார்டு (பழைய கேசட் கேமராவை இணைக்கும் கார்டு) அதில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மினி டிவி (MiniDV) கேசட்டில் இருக்கும் பழைய கல்யாணத்தை ஏற்றித் தரச் சொல்லி இன்றும் ஆள் வருகிறது.

வெட்டும் முன் ஃபைலைப் பழக்குங்கள்

எனக்குக் கேட்டால் மொத்த வித்தையும் இங்கேதான் இருக்கிறது. "சிபியு ஸ்லோ" என்று வருகிறவர்களில் நிறைய பேருக்குப் பிரச்சினை அவர்கள் போன் எடுத்துத் தரும் ஃபைலில்தான்.

போன் எச்.264 அல்லது எச்.265-இல் பதிவு செய்கிறது. இவை ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம், நடுவில் வருவதெல்லாம் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். பார்ப்பதற்கு இது சிக்கனம். வெட்டுவதற்கு வம்பு. நடுவில் ஒரு இடத்தில் நீங்கள் கர்சரை வைத்தால், பிராசசர் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து குறிப்புகளைக் கூட்டிக்கொண்டே வந்து அந்த ஒரு படத்தைக் கட்ட வேண்டும். எச்.265-இல் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். ஆறாவது ஜெனரேஷனுக்குக் கீழே இருக்கிற மெஷினில் அதற்கு உதவி செய்ய உள் கிராபிக்ஸும் இல்லை, முழுச் சுமையும் பிராசசர் தலையில்.

முதல் தீர்வு எடுக்கும்போதே. போன் கேமரா செட்டிங்கில் ஹை எஃபிஷியன்சி என்று இருப்பதை அணைத்துவிடுங்கள், ஐபோனில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எச்.264-இல் எடுக்கும். கேட்கிறவர் எச்டிதான் கேட்கிறார் என்றால் 4கேயில் எடுத்து நீங்களே உங்களுக்குச் சுமை ஏற்றிக்கொள்ள வேண்டாம். கேமராவில் முடிந்தால் 25 பிரேம், ஷட்டர் 50 வையுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப் லைட் மினுங்காது.

ரெண்டாவது, பிரேம் வேகம். போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்றபடி பிரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். ராத்திரி கூத்தில் கட்டியங்காரன் வெளிச்சத்துக்கு வரும்போது ஒரு வேகம், திரைக்குப் பக்கம் இருட்டில் வேறு வேகம். பத்து நிமிஷம் ஓடியதும் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று திட்டுவார்கள். ஷாட்கட்டில் இப்படி ஃபைலைப் போட்டால் அதுவே கண்டுபிடித்து, எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். வேறு சாஃப்ட்வேர் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் வீடியோ பக்கத்தில் பிரேம் ரேட்டை கான்ஸ்டன்ட் என்று வைத்து ஒரு தடவை மாற்றி எடுத்துக்கொண்டு வெட்ட ஆரம்பியுங்கள்.

மூன்றாவது பிராக்ஸி. அசல் ஃபைலுக்குப் பதிலாக அதன் சின்ன நகல் ஒன்றை வைத்து வெட்டுவது, கடைசியில் அவுட்புட் எடுக்கும்போது சாஃப்ட்வேரே அசலுக்கு மாறிக்கொள்ளும். ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனுவில் பிராக்ஸி என்று இருக்கிறது, யூஸ் பிராக்ஸியை டிக் செய்துவிட்டு ஃபைல்களைப் போட்டால் ஒவ்வொன்றாக நகல் எடுக்க ஆரம்பிக்கும். கேடென்லைவில் புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கம். பிரீமியரிலும் ரிசால்விலும் உண்டு. ராத்திரி கடை மூடும்போது ஓட விட்டுப் போனால் காலையில் தயார். எட்டு மணி நேரக் கூத்தை எட்டாயிரம் தடவை நின்று நின்று வெட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். கூடவே பிரிவ்யூ ஸ்கேலிங்கை 540 அல்லது 360-க்கு இறக்குங்கள், திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவுட்புட் மங்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் புதியவர்கள் பயந்துபோய் மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

பிராக்ஸி வேண்டாம், எல்லாப் படமும் முழுசாக இருக்கிற கோடெக்குக்கே மாற்றி வெட்டுகிறேன் என்றால் அதுவும் நல்ல வழிதான், இடம்தான் தின்னும். வினாடிக்கு 36 மெகாபிட் என்ற சிக்கன வகையே மணிக்கு 16 ஜிபி ஆகும். கூத்து முழுக்க என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருநிறைச்செல்வன் உடைந்தால்

மெஷின் மாற்றும்போது யாரும் யோசிக்காத ஒன்று தமிழ் டைட்டில். பழைய டைட்டில் கருவிகளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக ஒட்டாது. "செல்வன்" என்று அடித்தால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். கல்யாண வீடியோவில் முதல் வார்த்தையே திருநிறைச்செல்வன் என்பதால் தப்பிக்கவே முடியாது. அதனால்தான் கடைகளில் பாமினி மாதிரி பழைய எழுத்துரு வைத்து அடித்தார்கள். அந்தப் புராஜெக்டை எழுத்துரு இல்லாத புது மெஷினில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனுமாக நிற்கும். பழைய மெஷினை விற்கும் முன் எழுத்துரு ஃபோல்டரை மொத்தமாக நகல் எடுங்கள்.

ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் யூனிகோட் தமிழ் நேராகவே வரும். பிரீமியரில் உடைந்தால் பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

காசு செலவு செய்வதென்றால்

முதலில் எஸ்எஸ்டி, விண்டோஸும் சாஃப்ட்வேரும் பிராக்ஸியும் அதில். அடுத்து ரேமை 8-லிருந்து 16 ஆக்குங்கள், பழைய மெஷின் டிடிஆர்3 கேட்கும், செகண்டில் கிடைக்கும். இந்த ரெண்டும் மெதுவாக ஓடும் மெஷினுக்கு மருந்து. ஓடவே மறுக்கும் மெஷினுக்கு அல்ல, அதற்கு மெஷினையே மாற்ற வேண்டும், எட்டாவது ஜெனரேஷன் ஐ5 போட்ட ஆபீஸ் சிபியு போதும். கார்டு கடைசி. அந்தச் சின்ன ஆபீஸ் பெட்டிகளில் தனி பவர் ஒயர் இருக்காது, ஸ்லாட் கொடுப்பது 75 வாட் வரைதான், உயரமும் பாதி. பெரிய கார்டை வாங்கிக்கொண்டு வந்து மூடி மூட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிடி 1030 அந்தப் பெட்டிக்குள் போகும், ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடரே கிடையாது, எக்ஸ்போர்ட் வேகத்துக்கு அதை வாங்காதீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம், அதனால் எல்லோரும் அங்கே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுகிறோம். அங்கே எட்டு கோர், 16 த்ரெட் என்று சொல்லி பழைய ஜியான் (Xeon, இன்டெலின் சர்வர் பிராசசர்) செட் கொடுப்பார்கள். விலையைக் கேட்டால் ஆசை வரும். ஈ5-2670 மாதிரி எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமலோ வி2 என்றோ இருந்தால் அதில் ஏவிஎக்ஸ்2 இல்லை, வி3-யிலிருந்துதான் உண்டு. அதைவிட முக்கியம், உள் கிராபிக்ஸே இல்லை, அதனால் எச்.264-ஐ வேகமாக விரிக்கும் குயிக் சிங்க் வசதியும் இல்லை. பெயர் கடைசியில் எஃப் என்று முடிகிற இன்டெல் பிராசசர்களுக்கும் இதே கதை. போன் வீடியோ வெட்டுகிற நமக்கு எட்டு கோரை விட அந்த உள் கிராபிக்ஸ்தான் சோறு போடும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் சிபியு-இசட்டும் ஷாட்கட்டும் நீங்களே எடுத்த ஒரு நிமிஷ வீடியோவும் கொண்டுபோங்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

பென்னாகரத்துத் தம்பி இப்போது அதே ஐ5-2400-இல்தான் வெட்டுகிறான், ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், ஷாட்கட், ராத்திரி பிராக்ஸி, போனில் எச்.264. போன மாசம் துரியோதனன் படுகளத்தை முழுசாக வெட்டி ஏற்றியிருக்கிறான். அந்த ஜிடி 730 மட்டும் என் கடை அலமாரியில் பெட்டியோடு கிடக்கிறது. யாராவது கேட்டால் சொல்லுங்கண்ணா என்று விட்டுப் போனான். இதைப் படித்த பிறகு நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.